பதினான்காவது நாய்

குழாயை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ரத்தம் ஓட்டும் பம்பு பார்ப்பதற்குப் பெரிய காரியமாகத் தெரியாது. லாடம் போல வளைந்த ஒரு இரும்புப் பள்ளம். அதற்குள் ஒரு ரப்பர் குழாய். நடுவில் சுற்றும் கையின் இரண்டு முனையிலும் இரண்டு உருளைகள். உருளை குழாயை நசுக்கிக்கொண்டே போகும்போது முன்னால் இருக்கும் ரத்தம் தள்ளப்படும். பசுவின் காம்பை மேலே பிடித்து நசுக்கிக் கீழே இழுக்கிறோம் இல்லையா, அதேதான். உருளையை அதிகம் இறுக்கினால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் நசுங்கி உடையும். உள்ளேயிருக்கும் சிவப்புச் சாயம் வெளியே கலந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கும். இறுக்கம் குறைந்தால் ரத்தம் பின்னால் நழுவும், மூளைக்குப் போய்ச் சேராது. இரண்டிலும் ஆள் பிழைப்பதில்லை.

அதனால் ஒவ்வொரு தடவையும் தொடங்குவதற்கு முன்னால் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு கை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். தண்ணீர் மட்டம் ஒரு நிமிஷத்துக்கு ஒரு அங்குலம் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் இறுக்கம் அதிகம். ஓடி இறங்கினால் குறைவு. திருகை ஒரு மயிரிழை திருப்பி மறுபடியும் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

1956 ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை காலை, பாறசாலைக்குப் பக்கத்திலிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நான் அப்படிக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த அறைக் கட்டிலில் என் தங்கை கிருபாபாய் படுத்திருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. இருதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில், ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்குப் பிறவியிலேயே ஓட்டை.

நான் அந்த ஆஸ்பத்திரியின் பட்டறையில் ஃபிட்டர். பெயர் ஜெயதாஸ். ஜெனரேட்டர், எக்ஸ்ரே மெஷின், துணி அவிக்கும் பாய்லர் எல்லாம் என் கையில்தான். டாக்டர் செல்லசாமி அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு சுருள் காகிதம் கொண்டுவந்தார். அதில் இருந்த படத்தைப் பார்த்து இரண்டு வருஷத்தில் நாங்கள் அந்த மெஷினைக் கட்டினோம். இருதயத்தை நிறுத்தித் திறந்து தைக்கும் நேரத்துக்கு இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் அது செய்யும்.

பம்புதான் இருதயம். நுரையீரல் என்பது ஆள் உயரத்தில் நிற்கும் ஒரு குழாய். அதன் அடியில் கறுத்த ரத்தமும் ஆக்சிஜன் குமிழிகளும் சேர்ந்து நுழையும். மேலே ஏறுவதற்குள் ரத்தம் செம்பருத்தி நிறத்துக்கு மாறிவிடும். ஆனால் மேலே வந்து சேருவது நுரை. நுரையை அப்படியே உடம்புக்குள் விட்டால் ஒரு குமிழி போதும், மூளையில் போய் அடைத்துக்கொள்ளும். அக்கானி என்ற பதநீரைக் காய்ச்சும்போது பொங்கி வந்தால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு அடக்குவார்கள். எங்கள் மெஷினில் அந்த வேலையைச் செய்வது, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளில் தடவிய சிலிகோன் என்ற பசை. அதைத் தாண்டியும் தப்பிய குமிழிகள், ரத்தம் ஒரு சுருள் குழாய் வழியாக மெதுவாக இறங்கும்போது மேலே மிதந்து நின்றுவிடும்.

டாக்டர் ஒரு கணக்கு வைத்திருந்தார். தொடர்ச்சியாக ஐந்து நாய்கள் மெஷினில் ஓடி, மூன்றாம் நாள் எழுந்து நடந்து சோறு தின்ன வேண்டும். அப்புறம்தான் மனுஷர். முதல் பதினொன்றில் பெரும்பாலானவை செத்தன. ஒன்பதாவது நாயை நானே கொன்றேன். குழாயை அடைக்கும் ஒரு கிளாம்பைப் போட மறந்துவிட்டேன். டாக்டர் சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை இப்படி நடந்தால் நீ பட்டறைக்குத் திரும்பிப் போய்விடு" என்றார். பன்னிரண்டு முதல் பதினாறு வரை ஐந்தும் பிழைத்தன. பதினாறாவது நாய் சோறு தின்ற அன்று டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "உனக்க தங்கச்சிக்கு நாள் குறிப்போம்" என்றார். காத்திருக்க நேரமில்லை. ஓட்டை வழியாகப் பாயும் ரத்தம் நுரையீரலை அழுத்திக்கொண்டே இருந்தது. சில மாதங்களில் ஓட்டம் எதிர்ப்பக்கமாகத் திரும்பும். அதற்குப் பிறகு ஓட்டையை அடைத்தால் ஆள் செத்துப்போவாள் என்று அவர் சொல்லியிருந்தார்.

மெஷினை வெறுமையாக ஓட்ட முடியாது. முதலில் அது நிறைய வேண்டும். அதற்கு ஆறு பாட்டில் ரத்தம். ரத்தப்போக்கு ஏற்பட்டால் கொடுப்பதற்கு இன்னும் மூன்று. கிருபாவின் ரத்த வகையில் ஒன்பது பேர். அதுவும் அன்றைக்குக் காலையில் எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். உறையாமலிருக்க அதில் ஹெப்பாரின் என்ற மருந்து சேர்ப்போம். அப்படிச் சேர்த்த ரத்தம் மறுநாளைக்கு ஆகாது.

என் ரத்த வகை சேரவில்லை. ஆரியங்கோட்டில் எங்கள் சபையில் ஐம்பது பேரின் விரலைக் குத்திப் பார்த்து எட்டுப் பேரைக் கண்டுபிடித்தோம். ஒன்பதாவது ஆள் பொழியூர்க்காரன் கிளீட்டஸ். ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸ் பெர்த்தாவின் அண்ணன். கடலில் போகிறவன்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், எட்டுப் பேரையும் நிறுத்தி எல்லாவற்றையும் விளக்கினேன். எண்ணெய்ப் பலகாரமும் கொழுப்பும் தின்றுவிட்டு ரத்தம் கொடுத்தால் ரத்தத்தின் தண்ணீர்ப் பகுதி பால் மாதிரிக் கலங்கிவிடும். அப்புறம் அணுக்கள் உடைகிறதா என்று நிறம் பார்க்க முடியாது. அதனால் ஒரு நாள் முன்னதாகவே ஆகாரத்தில் கவனமாக இருங்கள் என்றேன். ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டியதை அரை மணி நேரம் சொன்னேன். உபதேசியார் பொன்னப்பன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் அந்த எட்டுப் பேரில் ஒருவர்.

புதன்கிழமை ஹர்த்தால் என்பது செவ்வாய்க்கிழமை மதியம்தான் தெரிந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்கக் கேட்டு நடந்த போராட்டம் அது. தெற்கே நாலு தாலுகா போகும், எங்கள் நெய்யாற்றின்கரை போகாது என்று மாநிலச் சீரமைப்புக் கமிஷனின் அறிக்கை வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. முதலில் இருந்த கோபம் யாருக்கும் இல்லை. கடையை அடைப்பதையும் பஸ்ஸை மறிப்பதையும் ஒரு சோலியைப் போலச் செய்துகொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுவரில் நோட்டீஸ் ஒட்டினான் என்று எட்டுப் பேரில் ஒருவனான மோகனனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

மற்ற ஏழு பேரும் ஆரியங்கோட்டிலிருந்து ஏழு மைல் மழையில் நடந்து, காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். சைக்கிள் கொட்டகையில் நின்று வேட்டியைப் பிழிந்தார்கள். கிளீட்டஸ் அவர்களுக்கு முன்பே வந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

உபதேசியாரை முதலில் படுக்க வைத்தார்கள். முக்கால் பாட்டில் இறங்கியதும் அவர் கண் மேலே செருகியது. பெர்த்தா ஊசியை உருவிவிட்டுக் கன்னத்தில் தட்டினாள்.

"உவதேசியாரே, காலத்த என்ன தின்னிய?"

"ஒண்ணும் தின்னல்ல, பிள்ளே."

"ராத்திரி?"

"ராத்திரியும் இல்ல."

பெர்த்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உபதேசியார் படுத்தபடியே சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை நம்ம ஜெயதாஸு ஆகாரத்தப் பத்திச் சொன்னானே. அதக் கேட்டப்ப ஆவியானவர் எனக்க உள்ளத்துல ஏவினாரு. வெறும் எண்ணெய மட்டும் விட்டா போருமா? சபையா மூணு நாள் உவவாச ஜெபம் வச்சோம். வெள்ளம் மட்டும் தொண்ட நனைக்க. கிருபாக்க பேரச் சொல்லி ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மணிக்கூர் முட்டில நின்னாச்சு."

"ஏழு பேருமா?" என்று கேட்டேன்.

"ஏழு பேரும் ஆக்கும். ஒருத்தரும் பின்வாங்கல்ல" என்றார்.

கதவருகில் நின்ற கிளீட்டஸ் சிரித்தான். "எங்க கோயில் அச்சன் எனட்ட தின்னாண்டாம்னு ஒண்ணும் சொல்லேல்ல. நேத்து மச்சினனுக்க பிள்ளைக்கு ஞானஸ்நானம். பன்னி எறச்சியும் மரச்சீனிக் கிழங்கும். காலத்த எறங்கும்போவும் மிச்சத்தத் தின்னுட்டுதான் வந்தேன்."

"சும்மா நில்லு அண்ணா" என்றாள் பெர்த்தா.

தண்ணீர் குடிக்காத உடம்பில் ரத்த நரம்பு சுருங்கிக் கிடக்கும். ஊசி ஏறினாலும் ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஏழு மைல் நடந்தவனுக்கு அது இன்னும் குறையும். இதை நான் அங்கே யாருக்கும் விளக்கவில்லை. ஏழு பேரில் மூன்று பேர் மயங்கினார்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காலைத் தூக்கிவைத்துப் படுக்கவைத்தோம். ஒன்பதரை மணிக்குக் கணக்குப் பார்த்தபோது ஏழு பேரிடமிருந்தும் சேர்த்து நாலு பாட்டில் இருந்தது. கிளீட்டஸ் ஒருவன் மட்டும் ஐந்து நிமிஷத்தில் ஒரு முழு பாட்டில் கொடுத்துவிட்டு எழுந்து இன்னொரு பீடி பற்ற வைத்தான். அவன் ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் நிற்க வைத்தேன். மேலே தேங்காய்ப் பால் போல வெள்ளையாக நின்றது.

ஐந்து பாட்டில். தேவை ஒன்பது.

டாக்டர் ஐந்து பாட்டிலையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரிசர்வுக்குக் குறஞ்சது ரெண்டு வேணும். கிளீட்டஸுக்கது கலங்கல், அது ரிசர்வுல இருக்கட்டு, கூட ஒண்ணு. மெஷினுக்கு மூணு. மூணு குறையுது" என்றார்.

திருவனந்தபுரத்துக்குக் கார் அனுப்ப முடியாது. சாலையில் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். இந்த ரத்தம் நாளைக்கு ஆகாது. ரத்தம் கொடுத்தவர்கள் மறுபடியும் கொடுக்க மூன்று மாதம் ஆக வேண்டும். மூன்று மாதம் கிருபாவுக்கு இல்லை. இதில் ஒன்றையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

"பிள்ளையக் கட்டில்லேந்து எழும்பச் சொல்லு, பெர்த்தா. கஞ்சி குடிக்கட்டு" என்றார்.

அப்போது பதினான்காவது நாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

நாய்க்கு மெஷினை நிரப்ப இரண்டு பாட்டில் போதும். மற்ற நாய்களிடமிருந்து எடுத்து வைப்போம். ஜனவரி மாதம் பதினான்காவது நாயின் முறை வந்த அன்று காலையில், யாரும் வருவதற்கு முன்னால், ஒரு பாட்டில் என் ஈரக் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. நான் தரையைக் கழுவினேன். கண்ணாடித் துண்டுகளைப் பாய்லர் சாம்பலில் புதைத்தேன். அலமாரியிலிருந்த ஐந்து சதவீத குளுக்கோஸ் தண்ணீர் ஒரு பாட்டிலை எடுத்து, மீதியிருந்த ரத்தத்தோடு மெஷினில் ஊற்றினேன். நோட்டில் 'ரத்தம் 2 பாட்டில்' என்று எழுதினேன். மெஷினில் ஊற்றிய ரத்தம் வெளுத்துத் தெரிந்தது. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு நாயின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

அந்த நாய் சாகும் என்று நினைத்தேன். அது சாயங்காலமே தலையைத் தூக்கியது. மற்ற நாய்கள் இரண்டாம் நாள்தான் தூக்கின. மற்றவற்றுக்கு முதல் நாள் சிறுநீர் சாயத்தண்ணீர் போலச் சிவந்து வரும். இதற்கு வைக்கோல் நிறத்தில் வந்தது. ஏன் என்று நான் பல நாள் யோசித்தேன். கெட்டிக் கஞ்சியைக் குழாயில் தள்ளினால் உரசல் அதிகம், வடிகஞ்சியைத் தள்ளினால் குறைவு. நீர்த்த ரத்தத்தில் அணுக்கள் விலகி விலகி ஓடும், உருளைக்கடியில் நசுங்குவதும் குறைவு, சின்னச் சின்ன நாளங்களில் சிக்குவதும் குறைவு. அதோடு, பல உடம்புகளின் ரத்தத்தை ஒன்றாகக் கலந்தால் அவை ஒன்றுக்கொன்று சண்டை பிடிக்கும். அந்த அந்நிய ரத்தமும் பாதியாகக் குறைகிறது. இத்தனையும் யோசித்து வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடைந்த பாட்டிலையும் சொல்ல வேண்டும்.

"சாரே, பதினாலாவது நாய்க்கு ஒரு பாட்டில்தான் ரெத்தம்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "நோட்டுல ரெண்டுன்னு இருக்கு."

"நோட்டுல உள்ளது பொய். ஒண்ணு எனக்க கையிலேந்து விழுந்து ஒடஞ்சு போச்சு. பாக்கிக்குக் குளுக்கோஸ் விட்டேன்."

பெர்த்தா கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே நின்றாள். டாக்டர் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, விரலால் ஒவ்வொரு வரியாகப் படித்தார். தலை தூக்கிய நேரம். சிறுநீர் நிறம். மூன்றாம் நாள் தின்றது.

"மத்ததெல்லாம் மெய்தானா?"

"மெய்தான் சாரே."

"அப்ப பாதிக்குப் பாதி."

"ஆமா."

"இப்ப உள்ளதும் பாதிக்குப் பாதி. மூணு ரெத்தம், மூணு குளுக்கோஸ்."

"ஆமா சாரே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அஞ்சு நாய்னு நான் கணக்கு வச்சேன். பன்னெண்டு, பதிமூணு. அப்புறம் நடுவுல ஓட்ட. ஓட்டக் கணக்க வச்சு நான் ஒரு பெண்ணக் கட்டில்ல ஏத்தியிருக்கேன். அதும் உனக்க தங்கச்சி. நீயும் பாத்துட்டு நின்னிருக்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அப்புறம் அவர் தனக்குத்தானே பேசுவது போலக் கேட்டார். "அணு பாதியாப் போனா ஆக்சிஜனும் பாதியாப் போவும். அதுக்கு என்ன செய்வ?"

"ஒடம்பக் கொஞ்சம் தணுக்க வைக்கலாம் சாரே. தணுத்த ஒடம்புக்கு ஆக்சிஜன் குறச்சுப் போரும். தணுத்தா ரெத்தம் கெட்டியாவும், ஆனா இது முன்னமே நீர்த்ததுதானே. அந்தச் சுருள் குழாய ஐஸ் வெள்ளத்துல முக்கி வச்சா..."

"முப்பது டிகிரி" என்றார் அவர். பின் நோட்டை என் பக்கம் தள்ளினார். "வெட்டிட்டுச் சரியா எழுது. தேதி போட்டுக் கையொப்பு போடு. அப்புறம் அவகிட்டப் போய்ச் சொல்லு. ஒண்ணும் ஒளிக்காண்டாம். அவ வேண்டாம்னா வேண்டாம்."

எழுதினேன். 'ரத்தம் 1. குளுக்கோஸ் 1. நான் உடைத்தேன்.' என் கையெழுத்து எப்போதும் போலவே இருந்தது.

கிருபா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு லேசாக நீலம். எழும்பச் சொன்ன சத்தம் கேட்டதே, ஏன் என்று கேட்டாள். நான் முதலிலிருந்து தொடங்கினேன். உபவாசம், நாலு பாட்டில், உடைந்த பாட்டில், பதினான்காவது நாய், வடிகஞ்சி, ஐஸ். உருளைக்கடியில் அணு எப்படி நசுங்கும் என்பதற்குக் கையால் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணனுக்கு வாயிலயும் ஒரு பம்பு உண்டு. நிறுத்தினா ஆளு செத்துப்போவும்னு விசாரம்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த நாய் இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"சமையல்கெட்டுப் பொறத்த. நர்ஸுமாரு சோறு போடுதாவ."

"வெள்ளையா, ஒரு காது மடங்கினதா?"

"அதுதான்."

"அது நேத்து எனக்க செருப்பத் தூக்கிட்டு ஓடிச்சு. ஒரு செருப்பு இன்னும் கிட்டல்ல." ஜன்னல் பக்கம் பார்த்தாள். "செருப்பத் தூக்கிட்டு ஓடுததுக்கு நெஞ்சு வேணும். எனக்கு அது முடியாது. டாக்டர்ட்ட சரின்னு சொல்லு."

பத்தே முக்காலுக்கு அவளை மயக்கினார்கள். மெஷினில் மூன்று பாட்டில் ரத்தத்தையும் மூன்று பாட்டில் குளுக்கோஸையும் ஊற்றினேன். நன்னாரி சர்பத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டது போன்ற நிறம். பெர்த்தா முகமூடிக்கு மேலே கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் குழாயைத் தூக்கிப் பிடித்துக் கடைசியாக ஒரு தடவை மட்டம் பார்த்தேன். ஒரு நிமிஷம், ஒரு அங்குலம்.

டாக்டர் நெஞ்சைத் திறந்து இரண்டு பெரிய சிரைகளுக்கும் குழாய் போட்டார். "தொடங்கு" என்றார். நான் சுவிட்சைப் போட்டேன். அவளுடைய கறுத்த ரத்தம் சரிவில் இறங்கி வந்து வெளுத்ததோடு கலந்தது. குமிழிகள் ஏறின. மேலே நுரை கம்பிச் சுருளில் பட்டு அடங்கியது. ஐஸ் வாளியில் மூழ்கியிருந்த சுருள் குழாய்க்குள் ஒவ்வொரு வளையமாகக் கண்ணால் தொடர்ந்தேன். கடைசி இரண்டு வளையத்தில் குமிழி இல்லை. அங்கே குமிழி வந்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் அவளுக்கு நாலு நிமிஷம். நான் அந்த இரண்டு வளையத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினாறு நிமிஷம். இடையில் டாக்டர் ஒரே ஒரு தடவை பேசினார். "ஓட்டம்?" நான் எண்ணைச் சொன்னேன். தைத்து முடித்து, இருதயத்துக்குள் மறுபடியும் ரத்தத்தை விட்டபோது அது முதலில் நடுங்கியது. பிறகு ஒரு தடவை இழுத்தது. பிறகு தானாகவே அடிக்கத் தொடங்கியது. நான் பம்பை மெதுவாகக் குறைத்து நிறுத்தினேன். எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சுவிட்ச் சூடாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

மெஷினிலிருந்து ஒரு சின்னக் குழாய் ரத்தம் எடுத்து நிற்க வைத்தேன். இருபது நிமிஷத்தில் அணுக்கள் கீழே படிந்தன. மேலே நின்ற தண்ணீர் வெளிறிய மஞ்சள். சிவப்பு அதிகம் இல்லை. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மெஷினுக்குள்ள உள்ளது. அவளுக்க உள்ள என்ன ஆச்சுன்னு மூத்திரம் சொல்லும்" என்றார். "கட்டிலுக்க பக்கத்துல இரு. பாட்டிலப் பாரு."

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சிறுநீர்ப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முடிந்தது. ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. சிறுநீரகம் அடைத்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். தணுத்த உடம்பு சூடேறும் வரைக்கும் இப்படித்தான் இருக்கும். எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒன்றரை மணிக்கு முதல் சொட்டு விழுந்தது. வெளிறிய சிவப்பு. அடுத்த சொட்டுகளும் அப்படியே. நான் எண்ணினேன். நூற்றுப் பத்துக்கு மேல் எண்ணியபோது நிறம் மாறுகிறதா, அல்லது எனக்குக் கண் பழகிவிட்டதா என்று சந்தேகம் வந்தது. பெர்த்தாவைக் கூப்பிட்டு வேறு பாட்டில் மாற்றச் சொன்னேன். புதுப் பாட்டிலில் விழுந்தது வைக்கோல் நிறம்.

இரண்டே முக்காலுக்குக் கிருபா கண்ணைத் திறந்தாள். டாக்டர் குனிந்து, வலது கையை மூடு என்றார். மூடினாள். இடது கால் விரலை ஆட்டு என்றார். ஆட்டினாள். பேர் கேட்டார். சொன்னாள். மூளைக்குக் குமிழி போகவில்லை என்று தெரிந்துகொள்ள இவ்வளவு போதும். உதட்டின் நீலம் போயிருந்தது. அவள் என்னைத் தேடி, தரையில் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"செருப்பு கிட்டிச்சா?"

"தேடல்ல."

"பின்ன இவ்வளவு நேரம் என்ன செஞ்ச?" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் வராந்தாவில் கை கழுவிக்கொண்டே என்னிடம் பேசினார். "இன்னைக்குப் பம்ப ஓட்ட வேற ஆள் இல்ல, அதனால நீ நின்ன. திங்கக்கிழமையிலேந்து நீ பட்டறையில. பம்ப பெர்த்தா பாத்துக்கிடுவா. அவளுக்குப் படிப்பிச்சுக் குடு. விளக்கிச் சொல்லுததுக்கு உன்னாலதான் முடியும்."

"சரி சாரே."

"குளுக்கோஸப் பத்தி இன்னும் ஆறு நாயில பாக்கணும். இந்தத் தடவ நோட்டு எனக்க கையில இருக்கும்."

"சரி சாரே" என்றேன் மறுபடியும்.

சைக்கிள் கொட்டகையில் ஏழு பேரும் கிளீட்டஸும் உட்கார்ந்திருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து ஒரு அண்டா கஞ்சியும் பயறும் வந்து மூடியபடி இருந்தது. ஆறிப்போய்விட்டது. கிளீட்டஸின் தட்டு மட்டும் எச்சிலாகக் கிடந்தது.

"நான் ரெண்டு வட்டம் குடிச்சாச்சு" என்றான் கிளீட்டஸ். "இவிய தொடமாட்டேங்குதாவ. காரியம் தெரிஞ்சிட்டுத்தான் உவவாசம் முறிப்பாவளாம். மயங்கிக் கெடந்தவனுக்கும் பிடிவாதத்துக்குக் குறச்சல் இல்ல."

உபதேசியார் எழுந்து நிற்க முயன்று, தூணைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். "என்ன மக்கா ஆச்சு?"

பாட்டிலில் விழுந்த சொட்டின் நிறம், அது ஏன் முதலில் சிவந்து பிறகு தெளிந்தது, அவர்கள் பட்டினி கிடந்ததால் ரத்தம் குறைந்தது, குறைந்ததால் தண்ணீர் ஊற்றினோம், தண்ணீர் ஊற்றியதால் அணு உடையவில்லை. எல்லாம் வரிசையாக வாய்க்குள் வந்து நின்றது. அவர்கள் ஏழு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முழிச்சா. பேசினா" என்றேன். "தின்னுங்க."

உபதேசியார் கண்ணை மூடினார். "நாம உவவாசம் இருந்தது வீண்போகல்ல" என்றார். மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள். யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

"அதும் சரிதான்" என்றேன்.

அண்டாவைத் திறந்து தட்டுகளில் ஊற்றிக் கொடுத்தேன். அவர்கள் தலையைக் குனிந்து மெதுவாகக் குடித்தார்கள். மூன்று நாள் கழித்துக் குடிப்பவர்கள் மெதுவாகத்தான் குடிக்க வேண்டும். கிளீட்டஸ் எனக்கும் ஒரு தட்டை நீட்டினான். "ரெத்தம் குடுக்காதவனுக்கும் கஞ்சி உண்டு" என்றான்.

வாங்கிக் கீழே வைத்தேன். உள்ளே பம்பில் குழாய் அப்படியே கிடந்தது. ரத்தம் உட்சுவரில் காய்ந்துவிட்டால் அந்தக் குழாய் பிறகு எதற்கும் ஆகாது. முதலில் தணுத்த தண்ணீர் விட வேண்டும். சுடுதண்ணீர் விட்டால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பெர்த்தாவுக்கு முதலில் அதைத்தான் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனேன்.